குதி உயர்ந்த காலணியின் கதை

மணப்பெண்ணின் பட்டுச்சேலைக்கு ஏற்ற காலணி தேடி இராமநாதபுரம் கடைவீதிக்குச் செல்வது நம் கடற்கரை ஊர்க் குடும்பங்களுக்கு இன்று புதிதன்று. குதி மூன்று அங்குலமேனும் உயர்ந்திராவிடில் பெண்ணுக்கு நிறைவில்லை; கால் பிசகிவிடுமோ என்று பாட்டிக்குக் கலக்கம். எனினும், இது பெண்களுக்கென்றே பிறந்த அணி என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. வரலாறோ வேறு விதமாகக் கூறுகிறது.

இதனை முன்னாளில் அணிந்தவர்கள் பாரசீகக் குதிரை வீரர்கள். அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து நின்று அம்பு எய்கையில், பாதம் நழுவாதபடி குதி அதனைப் பற்றிக்கொண்டது. போர்த்தொழிலுக்கு ஆன கருவியேயன்றி வேறன்று. அந்நாட்டுக் குதிரைகளை நம் கரையும் அறியும். பாண்டியர் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், ஓர்முஸ் முதலிய துறைகளிலிருந்து அவை காயலில் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதி வைத்துள்ளார்.

1599ஆம் ஆண்டு பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஐரோப்பிய அரசவைகளுக்குத் தூதுக்குழு ஒன்றை அனுப்பினார். அக்காலத்தில் பாரசீகப் பொருள்கள்மீது அங்கு எழுந்த மோகத்தில், பிரபுக்கள் குதி உயர்ந்த காலணியை மேற்கொண்டனர். 1701இல் வரையப்பெற்ற பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் ஓவியத்தில் அவர் செந்நிறக் குதியுடன் நிற்பதைக் காணலாம். பெண்கள் இதனை ஆடவரைப் பார்த்தே அணியத் தொடங்கினர். 18ஆம் நூற்றாண்டில் ஆடவர் இதனைப் பயனற்றதெனக் கழற்றிவிட்டனர். அதன்பின் பெண்களுக்கு உரியதென்றே இது பெயர் பெற்றது!

இன்றைய ஊசிக்குதி 1950களில் தோன்றியது. இத்தாலிய மொழியில் சிறு குத்துவாளைக் குறிக்கும் 'ஸ்டிலெட்டோ' என்பதே அதன் பெயர். அத்துணை மெல்லிய மரம் முறிந்துவிடுமாகையால் உள்ளே எஃகுத் தண்டு பொருத்தினர். ஐம்பது கிலோ எடையுள்ள பெண்ணின் பாரம் ஒரு சதுர சென்டிமீட்டர் முனையில் இறங்கினால், அவ்விடத்தில் யானையின் பாதத்தைவிட அழுத்தம் மிகும். மரத்தளங்கள் குழிந்ததால், சில கட்டடங்களில் இதற்குத் தடையும் விதித்தனர். தனுஷ்கோடி மணலில் இதனை அணிந்து நடக்க முயல்வோர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.

மணமேடையில் ஓரிரு மணி நேரம் அணிவதைப் பற்றி நமக்கு மனத்தாங்கல் இல்லை. பாட்டியின் கலக்கத்துக்கு மெய்யான இடம் வேறு. இதனை நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் அணிந்தால் உடலின் பாரம் முன்பாதத்தில் விழும். கெண்டைக்கால் தசை குறுகும். அலங்காரமாக வந்தது சில நாடுகளில் வேலைக்குரிய சீருடையாகவும் ஆயிற்று. ஆகவேதான், பணியிடங்களில் பெண்களை இதனை அணியக் கட்டாயப்படுத்தலாகாதென்று 2017இல் பிலிப்பைன்ஸ் அரசு ஆணையிட்டது. நெடுநேரம் நிற்போர்க்கு ஓய்வும் இருக்கையும் தரவேண்டும் என்றது. நம் துணிக்கடைகளில் நாள் முழுதும் நிற்கும் பெண்களில் பலர் தட்டையான செருப்பே அணிகின்றனர். ஆயினும் கால்வலி தப்புவதில்லை. அவர்களுக்கு இருக்கை வழங்கவேண்டும் என்னும் சட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் 2021இல் நிறைவேற்றியது.