இருமலில் வந்த ரத்தம் நின்றுவிட்டதா? அதன் பிறகுதான் கூடுதல் கவனம் தேவை!

1967-ம் ஆண்டு. அமெரிக்காவின் சான்டா மோனிகா கடற்கரைக்குக் குழந்தைகளோடு போயிருந்தார் இதய மருத்துவர் ஜெரமி ஸ்வான். கடலில் பெரிய பாய் விரித்த படகு ஒன்று தடையின்றி நகர்ந்து போவது அவர் கண்ணில் பட்டது. ரத்த ஓட்டமே இழுத்துச் செல்லும்படி ட்யூபின் நுனியிலும் ஒரு 'பாய்' கட்டினால் என்ன என்று யோசித்தார். பிறகு பாயின் இடத்தில் குட்டி பலூன் வந்தது. வில்லியம் கான்ஸும் அவரும் சேர்ந்து உருவாக்கிய 'ஸ்வான்-கான்ஸ் கதீட்டர்' 1970-ல் அறிமுகமானது.

கழுத்து ரத்தக்குழாயில் நுழையும் இந்த ட்யூப், இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் தமனியில் போய் நிற்கும். பெரிய இதய ஆபரேஷன்களிலும் ஐ.சி.யூ-விலும் அழுத்தத்தை அளக்க உதவும். எக்கோ பரிசோதனை எளிதாகிவிட்டதால், முன்புபோல் இப்போது எல்லோருக்கும் போடுவதில்லை.

பலூனில் ஏற்றும் காற்று வெறும் ஒன்றரை மில்லிதான். அதுவே ஆபத்தாவது எப்படி? கையில் பார்க்கும் பி.பி 120 என்றால், நுரையீரல் தமனியில் அது 25-ஐ ஒட்டித்தான் இருக்கும். அந்தக் குறைந்த அழுத்தத்துக்கு ஏற்ற மெல்லிய சுவர் அது. ட்யூபின் நுனி சின்னக் கிளைக்குள் நகர்ந்திருக்கும்போது பலூனை ஊதினால், சுவர் கிழியக்கூடும். ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு நேர்வதே அதிகம். ஆனால், கிழிந்துவிட்டால் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைப்பதில்லை. 60 வயதைக் கடந்தவர்கள், நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் ஆகியோருக்கு ரிஸ்க் அதிகம்.

முதல் அறிகுறி, திடீர் இருமலோடு வரும் சிவப்பு ரத்தம். உடலிலிருந்து ரத்தம் வெளியேறுவதைவிட, அது மூச்சுக்குழாய்களை நிரப்பி மூச்சை அடைப்பதே பெரிய ஆபத்து. அதனால்தான் நோயாளியை ஒருபக்கமாகப் புரட்டிப் படுக்க வைக்கிறார்கள். பார்க்கும் உறவினர்கள் பதறிப்போவார்கள். ரத்தம் கசியும் நுரையீரல் கீழே இருந்தால், நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் வழியாது என்பதுதான் காரணம். இரண்டு நுரையீரல்களுக்கும் தனித்தனியாக மூச்சுக் கொடுக்கும் ட்யூப் போடுவதும் இதற்காகவே. ஹெப்பாரின் கொடுத்திருந்தால், அதன் வேலையை முறிக்க புரோட்டமின் தருவார்கள்.

பல நேரங்களில் ரத்தம் தானாகவே நின்றுவிடும். எல்லோரும் நிம்மதியாகும் நேரமும் அதுதான், ஏமாறும் நேரமும் அதுதான். கிழிந்த இடத்தைச் சுற்றியுள்ள திசு, ரத்தத்தை ஒரு பைபோலத் தாங்கிப் பிடித்திருக்கும். அந்தப் பைக்கு உண்மையான சுவர் கிடையாது. இதை 'சூடோ அனியூரிசம்' என்கிறார்கள். சில மணி நேரத்திலோ, பல நாள்கள் கழித்தோகூட அது வெடிக்கலாம். எனவே ரத்தம் நின்ற பிறகும் சி.டி ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பது அவசியம்.

பை தெரிந்தால் சிகிச்சைக்கும் கதீட்டரேதான்! தொடை வழியாக மெல்லிய ட்யூபைச் செலுத்தி, கசியும் கிளையில் சுருள் கம்பிகளை வைத்து அடைத்துவிடுகிறார்கள். நுரையீரலுக்கு இன்னொரு வழியிலும் ரத்தம் வருவதால், ஒரு சின்னக் கிளையை அடைப்பதால் பெரும்பாலும் பாதிப்பிருக்காது. அடைக்க முடியாத பெரிய குழாய் என்றால் உறையிட்ட ஸ்டென்ட். அதுவும் முடியாதபோது ஆபரேஷன். சிலருக்கு நுரையீரலின் ஒரு பகுதியை எடுக்க வேண்டிவரும்.

வீட்டுக்கு வந்த பிறகு இருமலில் ஒரு ஸ்பூன் ரத்தம் வந்தாலும், துடைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, ட்யூப் போட்டிருந்த விஷயத்தைச் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த விவரம் இருக்கிறதா என்று அன்றே பார்த்துக்கொள்வது நல்லது. சுருள் கம்பி வைத்தவர்கள், பின்னாளில் எம்.ஆர்.ஐ எடுக்கப்போனால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.