பைலட் குதிப்பதில்லை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலை. செங்கம் சாலையில் ரமணாசிரமத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு டீக்கடை. கிரிவலக் கூட்டம் இன்னும் வடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர், துபாயில் தேஜஸ் போர் விமானம் விழுந்த வீடியோவைக் கைப்பேசியில் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அறிவியல் எழுதுகிறவன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார் போல. ஆட்டோக்காரர் என் பக்கம் திரும்பினார்.

“ஏன் சார், போன மாசம் திருப்போரூர் பக்கத்துல ஒரு பிளேன் விழுந்துச்சே, அந்தப் பைலட்டு குதிச்சுப் பொழச்சுக்கிட்டாரு. அடுத்த வாரமே துபாய்ல இவரு ஏன் குதிக்கல? சீட்லயே ராக்கெட் இருக்குதாமே?”

இதைவிடச் சரியான கேள்வியை நான் எங்கும் படிக்கவில்லை. 2025 நவம்பர் 14 அன்று தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பிலாட்டஸ் பிசி-7 பயிற்சி விமானம் திருப்போரூர் அருகே விழுந்தது, பைலட் பிழைத்தார். ஏழு நாள் கழித்து, நவம்பர் 21 அன்று, துபாய் விமானக் கண்காட்சியின் கடைசி நாளில் தேஜஸ் விழுந்தது; விங் கமாண்டர் நமன்ஷ் சியால் உயிரிழந்தார். இமாச்சலக்காரர், நம் சூலூர் தளத்தில் பணியாற்றியவர். அவர் உடல் முதலில் சூலூருக்குத்தான் வந்தது.

கேள்வியில் ஒரே ஒரு சொல் தவறு: ‘குதிக்கல’. பத்திரிகைகளும் ‘பாராசூட் மூலம் குதித்து உயிர் தப்பினார்’ என்றுதான் எழுதுகின்றன. போர் விமானத்திலிருந்து யாரும் குதிப்பதில்லை. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் காற்றில் எழுந்து நிற்கவே முடியாது; எழுந்தாலும் வால் சிறகு அடித்துவிடும். பைலட் பீரங்கிக் குண்டுபோல எறியப்படுகிறார். எறியப்படுவது என்று புரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

தொடைகளுக்கு நடுவில் கறுப்பு மஞ்சள் பட்டை போட்ட கைப்பிடி இருக்கிறது. அதை இழுப்பது மட்டும்தான் மனிதன் செய்யும் வேலை. அதன் பிறகு எல்லாம் வெடிமருந்தின் கையில். தோள்பட்டை வார் பின்னால் சுண்டி இழுத்து, முதுகை சீட்டோடு ஒட்டவைக்கிறது. தலைக்கு மேலிருக்கும் கண்ணாடி மூடியில் பதித்த மெல்லிய வெடிநாடா வெடித்து அதை உடைக்கிறது. கால்கள் ஆடி எதிலும் மோதாதபடி பட்டைகள் அவற்றை உள்ளே இழுத்துக் கட்டுகின்றன. ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்க்குள் வெடிமருந்துத் தோட்டா எரிந்து, அந்த வாயு சீட்டை மேலே தள்ளுகிறது. சீட் காக்பிட்டைத் தாண்டும்போது அடியிலிருக்கும் ராக்கெட் பற்றிக்கொள்கிறது. பிறகு ஒரு குட்டிப் பாராசூட், அதன் பின் பெரிய பாராசூட். சீட் கழன்று விழுகிறது. தாழ்வான உயரத்தில் இவ்வளவும் மூன்று வினாடிக்குள் முடிகிறது. பறப்பது மிக உயரத்தில் என்றால் பெரிய பாராசூட்டை உடனே விரிக்காமல், மூச்சுவிடக் காற்று இருக்கும் உயரத்துக்கு இறங்கும்வரை பொறுத்திருக்கவும் சீட்டுக்குத் தெரியும். இந்தப் பொறுமையை ஒரு இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

தீபாவளிக்கு ராக்கெட் வாணம் விட்டிருப்பீர்கள். சோடா பாட்டிலில் குச்சியைச் செருகி, திரியைக் கொளுத்திவிட்டு ஓடுவோம். பாட்டில் நேராக நின்றால் வாணம் வானத்துக்குப் போகும். சாய்ந்தால் எதிர்வீட்டு மாடிக்கு. கவிழ்ந்தால் நம் காலடிக்கே. வாணத்துக்கு மேல் எது, கீழ் எது என்று தெரியாது. பாட்டில் வாய் காட்டுகிற திசைதான் அதற்கு மேல். பைலட்டை எறியும் எஜெக்‌ஷன் சீட்டும் அப்படியே. அது வானத்தை நோக்கி எறிவதில்லை, காக்பிட்டின் கூரைப் பக்கமாக எறிகிறது. விமானம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில். தலைகீழாக இருந்தால் தரையை நோக்கி.

வாணத்தின் குச்சியைக் கவனித்திருக்கிறீர்களா? குச்சி ஒடிந்த வாணம் தரைச் சக்கரமாகச் சுழலும். நேரே போகவைப்பது அந்தக் குச்சிதான். சீட்டுக்குக் குச்சி கிடையாது. பின்னால் விரியும் குட்டிப் பாராசூட்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது இழுத்து நேராக்கியபின் பெரிய பாராசூட் விரிந்தால்தான் கயிறுகள் சிக்காது.

இன்னும் ஒரு படி போகலாம். அந்தப் பாட்டிலைக் கையில் பிடித்தபடி ஒருவர் மொட்டைமாடியிலிருந்து விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் நேராகவே இருக்கிறது, வாணமும் பற்றிவிட்டது. அது மேலே போகுமா? அவர் விழும் வேகம் வாணத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தால், வாணமும் கீழேதான் போகும். கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

துபாய்க் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஒரு கணக்குப் போடுவோம். சீட் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் வினாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சீட் வெளியே வந்த பிறகும் பைலட் வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டுதான் இருப்பார். பாராசூட் முழுதாக விரிய இரண்டரை வினாடி என்றால், புவியீர்ப்பையும் சேர்த்து அதற்குள் நூறு மீட்டர் உயரம் தீர்ந்துவிடும். கைப்பிடியை இழுக்க அரை வினாடி யோசித்தால் இன்னும் முப்பது மீட்டர். ஆசிரம வாசலிலிருந்து அண்ணாந்து பார்க்கிற அண்ணாமலை உச்சி, அடிவாரத்திலிருந்து அறுநூறு மீட்டருக்கு மேல். வினாடிக்கு நூறு மீட்டர் இறங்கும் விமானத்துக்கு அந்த மலை முழுவதும் ஆறேழு வினாடிதான். வான்சாகசக் காட்சிகளில் பலவும் மலையில் பாதி உயரம்கூட இல்லாமல் நடப்பவை.

தேஜஸில் இருப்பது மார்ட்டின்-பேக்கர் நிறுவனத்தின் சீட். ‘ஜீரோ-ஜீரோ’ வகை என்று அதைப் புகழ்வார்கள். உயரம் பூஜ்யம், வேகம் பூஜ்யம். ஓடுபாதையில் நிற்கும் விமானத்திலிருந்தும் உயிரோடு வெளியேறலாம். உண்மைதான். ஆனால் விமானம் நேராக நிற்கும்போது, கீழ்நோக்கி இறங்காதபோது. இந்த நிபந்தனையை விளம்பரம் படிக்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். ‘எந்த நிலையிலும் காப்பாற்றும் சீட்’ என்று உலகில் எதுவும் இல்லை. துபாய் விபத்துக்குப் பிறகு ‘சீட் வேலை செய்யவில்லை’ என்று ஒரு கூட்டமும், ‘மக்களைக் காப்பாற்றவே கடைசிவரை வெளியேறவில்லை’ என்று இன்னொரு கூட்டமும் எழுதின. விமானப்படை விசாரணைக்கு உத்தரவிட்டது. அது முடியும்முன் இரண்டையும் சொல்ல யாருக்கும் ஆதாரம் கிடையாது. வீரரின் மரணத்துக்கு நாம் கதை கட்டத் தேவையில்லை.

வரலாறு கொஞ்சம். 1942 ஜனவரியில் ஜெர்மானிய சோதனை பைலட் ஹெல்முட் ஷெங்க், ஆபத்து நேரத்தில் எஜெக்‌ஷன் சீட்டில் வெளியேறிப் பிழைத்தார். அதே ஆண்டு பிரிட்டனில் ஒரு சோதனைப் பறப்பில் கேப்டன் வாலண்டைன் பேக்கர் இறந்தார். அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் மார்ட்டின் பைலட்களைக் காப்பாற்றும் வேலைக்குத் தன்னைக் கொடுத்துவிட்டார். 1946 ஜூலை 24 அன்று பெர்னார்ட் லிஞ்ச் என்ற ஊழியர் பறக்கும் விமானத்திலிருந்து மார்ட்டினுடைய சீட்டில் எறியப்பட்டு உயிரோடு இறங்கினார். போதும்.

நம் நாட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 2012 மே மாதம் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னது: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்தில் சிக்கின, இறந்த பைலட்கள் 171 பேர். ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயரை ஒட்ட இந்த முதல் இரண்டு எண்களைத்தான் எடுக்கிறார்கள். மூன்றாவது எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். விழுந்த விமானங்களின் எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவு அது. பழைய மிக்-21 சீட் ஜீரோ-ஜீரோ கூட அல்ல. தரையிலிருந்து தப்ப மணிக்கு சுமார் 130 கிலோமீட்டர் வேகமாவது வேண்டும். அந்த சீட் காப்பாற்றியவர்களில் ஒருவர் நம் மாவட்டத்துத் திருப்பணமூர்க் குடும்பத்துப் பிள்ளை, அபிநந்தன் வர்த்தமான். 2019 பிப்ரவரி 27 அன்று எல்லைக்கு அப்பால் மிக்-21 பைசனிலிருந்து எறியப்பட்டார். நாடு திரும்பியபின் எடுத்த ஸ்கேனில் கீழ் முதுகெலும்பில் காயம் என்று செய்தி வந்தது.

அது தற்செயல் அல்ல. சீட் மேலே பாயும் அந்தச் சிறு நேரத்தில் உடம்பின் எடை பன்னிரண்டு முதல் பதினெட்டு மடங்காகிறது. எழுபது கிலோ ஆள் ஒரு டன் ஆகிறார். அந்தச் சுமையெல்லாம் முதுகுத்தண்டு வழியே சீட்டுக்கு இறங்குகிறது. சற்றுக் குனிந்திருந்தால்கூட முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கம் அமுங்கி நொறுங்கும். பெரும்பாலும் விலாவும் இடுப்பும் சந்திக்கும் இடத்தில். வார் சுண்டி இழுத்து முதுகை நேராக்குவது இதற்காகத்தான். அப்படியும் எலும்பு முறிவோடு இறங்குகிறவர்கள் நிறைய.

டிசம்பர் 2 அன்று, தீபத்துக்கு முந்தைய நாள், சண்டிகரில் டிஆர்டிஓ ஒரு சோதனை செய்தது. தேஜஸின் முன்பகுதியைத் தண்டவாளத்தில் ராக்கெட் பூட்டி மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவிட்டு, மனித பொம்மையை வெளியேற்றிக் காட்டினார்கள். அருமையான வேலை, இதுபோன்ற வசதி சில நாடுகளிடம்தான் இருக்கிறது. ஆனால் தண்டவாளம் தரைக்கு இணையாகப் போகிறது. கீழ்நோக்கி விழும் விமானத்தின் கணக்கை அது மாற்றவில்லை.

ஆட்டோக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்போ நம்ம ஊருல வந்து விழுந்தா நாம என்ன செய்யணும்?” என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி. போலீசும் ராணுவமும் வருமுன், வயலில் இறங்கும் பைலட்டை முதலில் பார்ப்பது ஊர்க்காரர்கள்தான்.

தயவுசெய்து அவரை எழுப்பி உட்காரவைக்காதீர்கள். தோளில் கைபோட்டு நடத்திக் கூட்டிப்போகாதீர்கள். நன்றாகப் பேசினாலும் முதுகெலும்பு உடைந்திருக்கலாம். படுத்தபடியே இருக்கச் சொல்லுங்கள். பாராசூட் துணியைக் காற்று இழுத்தால் அமுக்கிப் பிடியுங்கள். கழன்று விழுந்த சீட்டைத் தொடாதீர்கள். எரியாத தோட்டா உள்ளே இருக்கலாம். விமானம் எரியும் புகையின் பக்கம் போகாமல் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். 108-க்கும் 112-க்கும் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வந்து பலகையில் படுக்கவைக்கும்வரை அவரை அசைக்காதீர்கள்.