கடைசி வரியிலிருந்து வாசிக்க வேண்டிய விலைச்சிட்டை

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினி அசெம்பிள் பண்ண வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலான கடைகளில் ஒரு விலைச்சிட்டையை அச்சடித்துத் தருவார்கள். முதல் வரியில் புரொசசர் இருக்கும். அதன் கீழே மதர்போர்ட், ரேம், எஸ்எஸ்டி, கேட்டிருந்தால் கிராபிக்ஸ் கார்ட். கடைசி வரியில் பல வேளைகளில் கேசிங்கையும் பவர் சப்ளையையும் சேர்த்து ஒரே விலை போட்டிருக்கும். கொலன்னாவையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ, உயர்தரம் முடித்த பிள்ளைக்குக் கணினி வாங்க வரும் பெற்றோரின் கண் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. "அண்ணா, ஐ3 காணுமா, ஐ5 போட வேணுமா?" என்று பேச்சுத் தொடங்கும். கையிலுள்ள காசில் முக்கால்வாசி மேல்வரிகளில் கரைந்தபின், மிஞ்சியது கடைசி வரிக்குப் போகும். கொழும்பின் மின்சாரத்தையும் வெக்கையையும் அறிந்தவர்கள் இந்தச் சிட்டையைக் கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பவர் சப்ளை என்ன செய்கிறது என்று பார்த்தால் காரணம் விளங்கும். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஆடலோட்டத்தை அது முதலில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேரோட்டமாக்கி, ஒரு பெரிய கொள்ளளவியில் தேக்குகிறது. பிறகு அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சிறிய நிலைமாற்றி ஒன்றின் வழியாக 12, 5, 3.3 வோல்ட்டுகளாக இறக்கித் தருகிறது. நம் மின்சாரம் செக்கனுக்கு 50 சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 20 மில்லி செக்கன். மின்சாரம் நின்ற கணத்தில் கணினியைத் தாங்குவது அந்தக் கொள்ளளவியில் தேங்கியிருப்பது மட்டுமே. தரமான பவர் சப்ளை ஏறக்குறைய 16 மில்லி செக்கன் தாங்கும். வீடுகளில் வைக்கும் சாதாரண யூபிஎஸ், மின்வெட்டை உணர்ந்து பேட்டரிக்கு மாற 10 மில்லி செக்கன்வரை எடுக்கலாம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள சில மில்லி செக்கன்கள்தான் கணினி அணையாமல் நிற்பதற்கான அவகாசம். மலிவான பவர் சப்ளையில் செலவைக் குறைக்க முதலில் சிறுக்கப்படும் உறுப்புகளில் அந்தக் கொள்ளளவியும் ஒன்று. "யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் கணினி ரீஸ்டார்ட் ஆகுது" என்று முறையிடுகிறவர்கள் யூபிஎஸ்ஸைக் குறைசொல்கிறார்கள். கோளாறு பெரும்பாலும் கேசிங்குக்குள் இருக்கிறது.

பவர் சப்ளைப் பெட்டியின் வெளியே அச்சிட்ட வாட் எண்ணையும் அப்படியே நம்பக் கூடாது. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டைத்தான். 25 அம்பியர் என்றிருந்தால் 12ஆல் பெருக்க 300 வாட் வருகிறது. வெளியே 500 என்று எழுதியிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவே. 2004இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை, உள்ளே போகும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது என்பதை அளக்கிறது. மின்னழுத்தம் எகிறினால் தானாக அணையுமா என்பதை அது சொல்லாது. ஆனாலும் அந்த முத்திரையை உண்மையாகப் பெற்ற பெட்டிகளை ஒரு சோதனைக்கூடமாவது அளந்து பார்த்திருக்கிறது. முத்திரையே இல்லாதவற்றை நான் தொடமாட்டேன். நடுத்தரக் கணினி ஒன்றுக்கு 450 முதல் 550 வாட் போதும். 750 வாட் வாங்கும் காசை வேறு வரிக்கு ஒதுக்கலாம்.

இன்னொரு விடயத்தைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வெறுங்காலோடு நின்று கேசிங்கின் தகரத்தைத் தொட்டால் சுள்ளென்று ஏதோ கடிப்பதுபோல் இருக்கிறது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பவர் சப்ளையின் வாசலில், இரைச்சலை வடிகட்டுவதற்காகச் சிறு கொள்ளளவிகள் இரண்டு உண்டு. அவை உயிர்க்கம்பிக்கும் நடுநிலைக் கம்பிக்கும் இடையில் இருந்து, நடுப்புள்ளியில் கேசிங்கோடு இணைகின்றன. புவித்தொடுப்பு இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங் ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. ஆனால் மொனிட்டர் கேபிளையோ யூஎஸ்பியையோ சொருகும் கணத்தில் அதே கசிவு மதர்போர்ட்டின் நுண்சுற்றுகள் வழியே பாயக்கூடும். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை இருந்தும் புவிக்கம்பி இல்லாத பிளக் ஏராளம். ஆகவே கணினி வாங்கும் பட்ஜெட்டில் ஒரு மின்வினைஞருக்கான கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தச் சிட்டையில் அச்சடிக்கப்படாத மிக முக்கியமான வரி அது.

யூபிஎஸ்ஸிடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிறிய யூபிஎஸ் ஒன்றுக்குள் பெரும்பாலும் 12 வோல்ட், 7 அம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட்-மணி. 150 வாட் இழுக்கும் கணினிக்குத் தாளில் அரை மணி நேரம் வரும். வேகமாக வெளியேற்றும்போது ஈய பேட்டரி தன் முழுக் கொள்ளளவைத் தராது, மாற்றும் சுற்றிலும் இழப்பு உண்டு. கடைசியில் கைக்கு வருவது கால் மணி நேரமோ அதற்கும் குறைவோ. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அமுலானபோது யூபிஎஸ் வைத்திருந்தவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடே இருண்டபோது நிலைமை வேறு. எழுதிக்கொண்டிருந்ததைச் சேமித்து, ஒழுங்காக அணைக்க அந்தச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தன. யூபிஎஸ் இருப்பது இதற்காகத்தான். அதன் பேட்டரி நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வருடத்தில் தளர்ந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள். தளர்ந்த பேட்டரியைக் குப்பை வண்டியில் போடாதீர்கள், உள்ளே இருப்பது ஈயம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிரதேசம் இது. எந்தப் பாகம் எத்தனை வருடம் உழைக்கும் என்ற கேள்வி இங்கே பணத்தோடு முடிவதில்லை.

கேசிங் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. முன்பக்கம் கண்ணாடியால் மூடிய அழகுப் பெட்டிகளை விட்டு, வலைபோட்ட முகப்பும் இரண்டு காற்றாடிகளும் உள்ளதை எடுங்கள். கொள்ளளவிகளின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் உயர்வுக்கும் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுப் பொறியியலாளர்கள் பாவிக்கும் கணக்கு. ஷீட் கூரைக்குக் கீழே பகல் முழுதும் ஓடும் கணினிக்கு அந்தப் பத்துப் பாகை பெரிய வித்தியாசம். பெட்டியை நிலத்தில் வைக்காமல் மேசையில் வையுங்கள். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை வீடுகளுக்குள் வந்தபோது நிலத்தில் இருந்தவை எல்லாம் போயின.

இப்போது சிட்டையில் மேல்நோக்கி, எஸ்எஸ்டி வரிக்கு நகரலாம். கணினி 'ஸ்லோ' என்று நாம் சொல்லும் நேரத்தில் பெரும்பாலும் புரொசசர் சும்மா இருக்கிறது. தரவு வந்து சேரும்வரை அது காத்திருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செக்கன் எடுக்கிறது. தேடும் இடம் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். கரம் நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் 12 மில்லி செக்கன் அளவில் வரும். எஸ்எஸ்டியில் சுழல எதுவும் இல்லை. ஒரு மில்லி செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்துவிடும். ரேம் அதைவிட ஆயிரம் மடங்கு விரைவு. விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தேடுவதால், வன்தட்டுக்கும் எஸ்எஸ்டிக்கும் இடையிலான நூறு மடங்கு வித்தியாசத்தை நாம் கண்ணால் காண்கிறோம்.

கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதம், பட்ஜெட் போடும் குடும்பத்துக்கும் பயன்படும். மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கை எடுக்கும் வேலையை எத்தனை மடங்கு வேகப்படுத்தினாலும் அந்தப் பத்தில் ஒரு பங்குக்குமேல் மிச்சம் பிடிக்க முடியாது. ஆகவே வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது பெரிய பாய்ச்சல். செக்கனுக்கு 3,500 மெகாபைட் வாசிக்கும் எஸ்எஸ்டியிலிருந்து 7,000 வாசிப்பதற்கு மாறினால் பாடக்குறிப்புத் தட்டச்சுச் செய்யும் பிள்ளைக்கு எந்த வேறுபாடும் தெரியாது. 500 ஜிபி அளவில், பெயர் தெரிந்த கம்பெனியின் சாதாரண என்விஎம்இ எஸ்எஸ்டி போதும். பெயரே கேள்விப்படாத கம்பெனியின் 2 டெராபைட் மலிவு விலையில் கிடைத்தால் விலகி நில்லுங்கள். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் சந்தையில் உண்டு.

ரேம் இப்போது கவலை தரும் வரி. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் உலகின் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 பிற்பகுதியிலிருந்து விலை பாய்ந்து ஏறியது. பழைய டிடிஆர்4 வகையும் தப்பவில்லை. பட்ஜெட் கணினிகளில் பலர் நம்பி வாங்கிய குருசியல் பெயரிலான வணிகத்தை மைக்ரோன் நிறுவனம் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. விலை இப்படியிருக்கும்போது 'இப்போதைக்கு 16 ஜிபி ஒரு துண்டு, பிறகு இன்னொன்று' என்பது நியாயமான யோசனைபோல் தோன்றும். நான் 8 ஜிபி இரண்டு துண்டுகளையே எடுக்கச் சொல்வேன். டிடிஆர்4-3200 ரேம் ஒரு வழியில் செக்கனுக்கு 25.6 ஜிகாபைட் தரும். இரண்டு துண்டை உரிய இரண்டு துளைகளில் சொருகினால் வழி இரண்டாகி 51.2 ஆகும். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத கணினியில் திரைக்கான படத்தையும் இந்த ரேமிலிருந்தே எடுப்பதால், விளையாட்டிலும் வீடியோ வெட்டுவதிலும் இந்த இரட்டை வழி நன்றாகவே தெரியும்.

இதனோடு சேர்த்துத்தான் மதர்போர்ட்டைத் தீர்மானிக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 புரொசசர் துளை 2016இல் வந்தது, டிடிஆர்4 கேட்பது. 2022இல் வந்த ஏஎம்5 டிடிஆர்5 மட்டும் ஏற்கும். இன்டெல்லின் எல்ஜிஏ1700 துளைக்கு இரண்டு வகைப் போர்டுகளும் உண்டு. எதிர்காலத்தில் புரொசசரை மாற்றலாம் என்பதற்காக ஏஎம்5 எடுக்கச் சொல்கிறவர்கள் சொல்வது பிழையில்லை. ஆனால் நம் நாட்டில் எதிர்காலம் டொலரில் விலை பேசப்படுகிறது. 2022 மார்ச் 7ஆம் திகதிவரை 203 ரூபாய் அளவில் கட்டிப் பிடிக்கப்பட்டிருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. 'அடுத்த வருடம் மாற்றலாம்' என்று திட்டமிட்டவர்கள் ஏமாந்தார்கள். வீட்டில் பழைய டிடிஆர்4 ரேம் கிடந்தால் ஏஎம்4 போதும். எதுவும் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர் மட்டும் ஏஎம்5ஐ யோசிக்கலாம்.

புரொசசருக்கு இவ்வளவு பிந்தி வந்து சேர்ந்ததில் எனக்கு வருத்தமில்லை. நான்கு கோர் கொண்ட இன்டெல் ஐ3-12100, ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600ஜி போன்ற நடுத்தரச் சில்லுகள் படிப்புக்கும் புரோகிராமிங்குக்கும் தாராளம். கடைசி எழுத்தை மட்டும் கவனியுங்கள். இன்டெல்லில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5000 வரிசையில் 'ஜி' இல்லாதவற்றிலும் இல்லை. ஆயிரக்கணக்கில் விலை குறைகிறதே என்று அதை எடுத்துப்போய் வீட்டில் சொருகினால் திரை இருட்டாகவே இருக்கும். மேல்மட்டச் சில்லுகளின் கடைசி வேகத்துக்கு இயற்பியலே அபராதம் விதிக்கிறது. சில்லு உண்ணும் சக்தி மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், கொஞ்ச வேகத்துக்கு நிறைய வெப்பம். அந்த வெப்பத்துக்கு மின்கட்டணமும் உண்டு. 100 வாட் கூடுதலாக, நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 15 அலகு. நம் கட்டணம் படிப்படியாக ஏறும் முறை என்பதால், அந்த 15 அலகு வீட்டை அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம்.

கிராபிக்ஸ் கார்ட் தேவையென்றால் பாவித்ததை வாங்குவதில் தவறில்லை. 2022 செப்டம்பர் 15இல் எதீரியம் என்ற மறைநாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், நாணயம் தோண்டிய கார்டுகள் உலகச் சந்தையில் கொட்டின. அவற்றில் தேய்ந்திருப்பது பெரும்பாலும் காற்றாடியும் வெப்பப் பசையும்தான். கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

உண்மையிலேயே காசு நெருக்கடி என்றால் அசெம்பிள் எண்ணத்தையே ஒத்திவைக்கச் சொல்வேன். 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு நின்றதால், விண்டோஸ் 11 ஏற்காத அலுவலகக் கணினிகள் உலகெங்கும் கழிக்கப்படுகின்றன. கொழும்பில் பாவித்த கணினி விற்கும் கடைகளுக்கும் அத்தகையவை வருகின்றன. எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் நிறுவினால் மாணவருக்கு நல்ல கருவி. ஆனால் 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவை, அந்த அலுவலகப் பெட்டிகள் பல பின்பற்றுவதில்லை. டெல் ஒப்டிபிளெக்ஸ் மாதிரிகள் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பியே வேறு. அது எரிந்தால் யுனிட்டி பிளாசாவின் சாதாரண பவர் சப்ளை எதுவும் நேரே பொருந்தாது. வாங்கும்போதே அந்தப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

புதிதாகப் பொருத்தி முடித்ததும் கடையை விட்டு உடனே கிளம்பாதீர்கள். பயோஸ் திரையைத் திறந்து காட்டச் சொல்லி, ரேம் இரட்டை வழியில் ஓடுகிறதா, பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். சில கடைகளில் 3200 ரேம் 2400லேயே ஓடிக்கொண்டிருக்கும், அதை மாற்ற ஒரு நிமிடம் போதும். பவர் சப்ளை உட்பட ஒவ்வொரு பாகத்தின் தொடரிலக்கமும் வாரண்டிக் காலமும் பற்றுச்சீட்டில் தனித்தனியே எழுதப்பட வேண்டும். பவர் சப்ளைக்கு எத்தனை வருடம் எழுதித் தருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.