வளைகுடாவில் ஆட்சி மாறினால் மளிகைக் கடையில் என்ன மாறும்?

வளைகுடாவில் சண்டை என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டால் நம் வணிகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, டீசல் எவ்வளவு ஏறும்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். விருதுநகரில் இருந்து சங்கரன்கோவிலுக்கு வரும் லாரி வாடகை ஏறினால் பருப்பு மூட்டைக்கும் ஏறும். ஆனால் அந்தப் பிரதேசத்தில் விழும் அடி டீசல் வழியாக மட்டும் நம் கடைக்கு வருவதில்லை. குண்டுச் சத்தம் ஓய்ந்து பல மாதம் கழித்து வேறு வாசல் வழியாகவும் வருகிறது. இதை நம்மில் பலர் கவனிப்பதில்லை.

எண்ணெய் இருக்கும் நாட்டில் நாற்காலி நிலைப்பதில்லை. ஈராக்கில் 1958-ல் மன்னர் இரண்டாம் பைசலைச் சுட்டுக் கொன்று ஆட்சியைப் பிடித்தார் காசிம். 1963-ல் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1968-ல் பாத் கட்சி வந்தது. 1979-ல் சதாம் உசேன் அதிபரானார். பக்கத்தில் ஈரானில் 1951-ல் எண்ணெயை நாட்டுடைமையாக்கிய மொசாடெக்கின் அரசு, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் கைவரிசையால் 1953-ல் கவிழ்ந்தது. அதனால் பலம் பெற்ற ஷா 1979-ல் நாட்டை விட்டே போனார். மறு வருடம் இந்த இரண்டு நாடுகளும் மோதத் தொடங்கி 8 வருடம் அடித்துக்கொண்டன.

அந்த 8 வருடச் சண்டையில் அழிந்த ஒன்று நம் தொழிலோடு சம்பந்தப்பட்டது. பாஸ்ரா பக்கம் ஷத்-அல்-அரபு ஆற்றங்கரை முழுக்கப் பேரீச்சந் தோப்பு. உலகத்திலேயே பேரீச்சை அதிகம் விளைந்த நாடு ஒரு காலத்தில் ஈராக்தான். எல்லையே அந்த ஆறு என்பதால் போர் தோப்புக்குள்ளேயே நடந்தது. எண்ணெய்க் கிணறு எரிந்தால் அணைத்துவிட்டு மறுபடி இறைக்கலாம். பேரீச்சை மரம் வெட்டுப்பட்டால் அடுத்த கன்று நல்ல காய்ப்புக்கு வர வருடக் கணக்காகும். "பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்" என்று தெருவில் கூவி வந்த காலத்தில், அந்தப் பழத்துக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கும் என்று யார் நினைத்தோம்?

இனி 1990-க்கு வருவோம். நமக்கு நேரடியாகப் பாடம் நடத்தியது அந்த வருடம்தான்.

ஆகஸ்ட் 2-ந் தேதி சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. கடையநல்லூர், புளியங்குடி, மேலப்பாளையம் என்று நம் பக்கத்து ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் போகாத தெரு குறைவு. அந்த வீடுகளுக்கு மாதம்தோறும் டிராப்ட் வரும். வந்ததும் மளிகைப் பாக்கியைத் தீர்ப்பார்கள். அந்த டிராப்டை நம்பித்தான் சில்லறைக் கடைக்காரர் பற்று எழுதினார், அவரை நம்பி மொத்த வியாபாரி தவணை கொடுத்தார். ஆகஸ்டில் குவைத் டிராப்ட் நின்றது. ஏர் இந்தியா விமானங்கள் ஜோர்டானின் அம்மான் நகரில் இருந்து இரண்டு மாதத்தில் 1 லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பம்பாய்க்குக் கொண்டுவந்து சேர்த்தன. பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் வந்தவர்கள் மாற்றிய துணியோடு வந்தார்கள். சிலர் கையில் குவைத் தினார் இருந்தது. அதுவரை உலகத்திலேயே மதிப்பு மிகுந்த நாணயங்களில் அது ஒன்று. குவைத்தைத் தன் மாகாணம் என்று அறிவித்துவிட்ட ஈராக் அந்தத் தினாரையே விலக்கிவிட்டது. வைத்திருந்தவர்கள் மாற்ற வழியில்லாமல் அலைந்தார்கள்.

ஜூலையில் பீப்பாய் 20 டாலருக்குக் கீழே இருந்த கச்சா எண்ணெய் அக்டோபரில் 40 டாலரைத் தொட்டது. 1991 ஜனவரி 17-ல் அமெரிக்கா குண்டு போடத் தொடங்கியது. அன்று விலை இன்னும் பறக்கும் என்று எல்லோரும் பார்த்திருக்க, ஒரே நாளில் 10 டாலர் போல இறங்கியது! பயத்தில் ஏறிய விலை, நடப்பு தெரிந்ததும் இறங்கிவிடும். மிளகாய் வத்தலில் நாம் பார்க்காததா?

பிப்ரவரி கடைசியில் போர் முடிந்தது. ஓடிப்போன குவைத் அமீர் மார்ச்சில் நாடு திரும்பினார். அவர் திரும்புவதற்குள் தில்லியில் வி.பி.சிங், சந்திரசேகர் என்று இரண்டு பிரதமர்கள் ராஜினாமா செய்திருந்தார்கள். சென்னையிலும் ஆட்சி கலைக்கப்பட்டிருந்தது. நிலையற்ற ஆட்சி என்று நாம் அரபு நாடுகளைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உண்மையான அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. எண்ணெய்க்காகக் கொட்டிய டாலரும், வளைகுடாவில் இருந்து வராமல் போன பணமும் ஏற்கெனவே கடனில் இருந்த கஜானாவை வறட்டிவிட்டன. மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனது. ஜூலையில் 47 டன் இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளில் அடமானம் வைக்கப்பட்டது. ஜூலை 1, 3 தேதிகளில் ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். வெளிநாட்டில் இருந்து வரும் பெருங்காயப் பாலுக்கும் பாதாம், பிஸ்தாவுக்கும் அடக்க விலையே மாறிவிட்டது. போர் முடிந்து அப்போது 4 மாதம் ஆகியிருந்தது. மொத்த வியாபாரிகள் பலர் தவணையைச் சுருக்கினார்கள். சில்லறைக்காரருக்கு ஒரு பக்கம் வசூல் இல்லை, மறுபக்கம் நெருக்கடி. தெருமுனைக் கடைகள் சில அப்போது மூடியவை, பிறகு திறக்கவே இல்லை.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். அமெரிக்கத் தடைக்குப் பயந்து 2019 மே மாதத்தோடு ஈரானில் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்தியது. அதுவரை எண்ணெய்க்கான பணம் ரூபாயாக யூகோ வங்கியில் விழும், அதில் இருந்துதான் நம் பாசுமதிக்கும் தேயிலைக்கும் ஈரான் பணம் கொடுக்கும். எண்ணெய் நின்றதும் அந்தக் கணக்கு வற்றியது. ஏற்றுமதிக்காரர்களுக்குப் பாக்கி நின்றது. வெளியே போக வேண்டிய சரக்கு உள்ளே நின்றால் விலை எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குண்டு கூட அதற்குத் தேவைப்படவில்லை.

பெருங்காயத்துக்கு ஈரானையும் ஆப்கானிஸ்தானையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று 2020 அக்டோபரில் இமாசலப் பிரதேசத்தின் குவாரிங் கிராமத்தில் முதல் கன்று நட்டார்கள். செடி பால் கொடுக்க 5 வருடம் ஆகும் என்றார்கள்.

ஆகவே வளைகுடாச் செய்தி வந்ததும் சரக்கை அடைத்து வைக்கலாமா என்று யோசிப்பதற்கு முன், வெளிநாட்டுப் பணத்தை நம்பி எவ்வளவு பற்று நிற்கிறது என்று தனியாக ஒரு கூட்டல் போட்டுப் பார்ப்பது நல்லது. பற்றை நிறுத்துவதற்கு அல்ல, நம் கை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துகொள்வதற்கு.

குவைத் பாக்கி என்ன ஆனது என்று இளைஞர்கள் கேட்கலாம். குவைத்தை விட்டு ஓடிவந்தவர்களுக்கு நஷ்டஈடு வழங்க ஐக்கிய நாடுகள் சபை ஒரு கமிஷன் வைத்தது. தனியாளுக்கு 2,500 முதல் 4,000 டாலர் வரை, குடும்பத்துக்கு 5,000 முதல் 8,000 டாலர் வரை. பணம் வந்தது ஈராக் விற்ற எண்ணெயில் இருந்து. எனக்குத் தெரிந்த கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், 1990-ல் நின்றுபோன பற்றுகளை வருடாவருடம் புதுக் கணக்கில் முன்பாக்கியாக எழுதிக்கொண்டே வந்தார். வட்டி போடவில்லை. நஷ்டஈட்டுச் செக் வந்தபோது பெரும்பாலான வீட்டார் கடைக்குத் தாங்களே வந்து தீர்த்தார்கள். சதாமை 2006 டிசம்பரில் தூக்கிலிட்ட பிறகும் ஈராக் அந்தப் பாக்கியைக் கட்டிக்கொண்டே இருந்தது. மொத்தம் 5,240 கோடி டாலர். கடைசித் தவணையை 2022 ஜனவரியில் கட்டி முடித்தது.