"அப்பா, தண்ணி எங்க?"

ஹம்பிக்குக் கிளம்பும்போது எட்டு வயது மகளிடம், "ராணி குளிச்ச ஸ்விம்மிங் பூல் பாக்கப் போறோம்" என்று சொல்லிவிட்டேன். என் தப்புதான். ராணி குளியல் மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவள் கேட்டது: "அப்பா, தண்ணி எங்க?"

வெளியே அலங்காரம் இல்லாத வெறும் சுவர், சுற்றிலும் அகழி. உள்ளே போனால் வேறு உலகம். வளைவுகள் வைத்த தாழ்வாரம், எட்டிப் பார்க்க அழகான மாடங்கள், நடுவே வானம் பார்த்த தொட்டி. தொட்டியோ வறண்டு கிடந்தது.

1565-ல் தலைக்கோட்டைப் போரில் தோற்றபின் விஜயநகரம் சூறையாடப்பட்ட கதையை ஒப்பித்தேன். அவள் கொட்டாவி விட்டாள்.

காப்பாற்றியது கூட வந்திருந்த என் அம்மா. டொராண்டோவிலிருந்து வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பாட்டியும் பேத்தியும் "சாப்பிட்டியா?", "ம்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இங்கே அம்மா கேட்டார்: "இத ரொப்ப எத்தன குடம் தண்ணி வேணும், சொல்லு பாப்போம்?"

"குடம்னா என்ன பாட்டி?"

அம்மா இடுப்பை ஒடித்து, கையை வளைத்துக் காட்டினார். "உன் வயசுல தினமும் ஆறு குடம் தூக்கியிருக்கேன்டி."

நான் போனை எடுத்தேன். தொட்டி சுமார் 15 மீட்டர் சதுரம், 1.8 மீட்டர் ஆழம். ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 27,000 குடம்!

மகள் கணக்குப் போட்டாள். "பாட்டி, நீங்க மட்டும் தூக்கினா 12 வருஷம் ஆகும்!"

"அதுக்குள்ள ராணிக்கே நரைச்சிடும்" என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்து ஓய நேரமாயிற்று.

அப்புறம் அவளே கேட்டாள், "அப்போ யார் ரொப்பினாங்க?" அருகிலுள்ள அரண்மனை வளாகத்துக்குக் கூட்டிப்போனேன். கல் தூண்களின் மேல் நீளமாக ஓடும் கல் வாய்க்கால். அந்தக் காலத்துக் குழாய். அங்கே 1980-களில் தோண்டி எடுத்த படிக்கட்டுக் குளம் ஒன்றும் இருக்கிறது. எந்தக் கல் எங்கே உட்கார வேண்டும் என்று கற்களில் குறி செதுக்கியிருக்கிறார்கள். "லெகோ மாதிரி!" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை.

நீங்களும் போனால் வெயில் ஏறும் முன் போங்கள். முடிந்தால் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போங்கள்.

போன வாரம் வீடியோ காலில் "சாப்பிட்டியா?" வருவதற்கு முன்பே மகள் முந்திக்கொண்டாள்: "பாட்டி, இன்னிக்கு எத்தன குடம்?"