குளியல் தொட்டியில் பிணம்... பொழுதுபோக்குக்குத் துப்பறியும் பிரபு!

காலையில் குளிக்கலாம் என்று பாத்ரூம் கதவைத் திறக்கிறீர்கள். தொட்டிக்குள் முன்பின் தெரியாத ஓர் ஆணின் பிணம். உடம்பில் பொட்டுத் துணி இல்லை. மூக்கில் மட்டும் தங்கக் கண்ணாடி. வெலவெலத்துப் போவீர்கள்தானே?

லண்டனின் பேட்டர்ஸீ பகுதியில் குடியிருக்கும் திப்ஸ் என்ற அப்பாவி ஆர்க்கிடெக்ட்டுக்கு நடப்பது இதுதான். 1923-ல் டோரதி சேயர்ஸ் எழுதிய 'ஹூஸ் பாடி?' நாவல் இங்கிருந்துதான் வேகமெடுக்கிறது. அதே இரவில் சர் ரூபன் லெவி என்ற பெரும் பணக்காரர் காணாமல் போகிறார். அவருடைய உடைகள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. தொட்டியில் கிடப்பவரிடம் அவர் சாயல் கொஞ்சம் இருக்கிறது. ஆனால், ஆள் அவரில்லை! அப்படியென்றால் இவர் யார், அவர் எங்கே?

இன்ஸ்பெக்டர் சக் ரொம்ப யோசிக்கவில்லை. திப்ஸைப் பிடித்து உள்ளே வைத்துவிடுகிறார்.

யாருப்பா இந்த ஆளு?

இங்கேதான் நம்ம ஹீரோ லார்ட் பீட்டர் விம்சி வருகிறார். பிரபு வீட்டுப் பிள்ளை. வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அரிய பழைய புத்தகங்களைச் சேர்ப்பதும், கொலைகளைத் துப்பறிவதும்தான் பொழுதுபோக்கு. ஓயாமல் பேசுவார், நடுநடுவே பாடுவார். ஒற்றைக்கண் கண்ணாடி ஸ்டைலுக்கு என்று நினைப்போம். அது சக்திவாய்ந்த பூதக்கண்ணாடி. கைத்தடியில் அளவுகோல், உள்ளே வாள், தலைப்பக்கம் திசைகாட்டி!

ஆனால், ஆள் கோமாளி இல்லை. பிணத்தின் முடி அழகாகத் திருத்தி, வாசனை பூசியிருக்கிறது. கை நகங்கள் சுத்தம். பற்களோ படுமோசம், உடம்பெல்லாம் பூச்சிக்கடி. வசதியானவர் பற்களை இப்படி விடுவாரா? ஓர் ஏழையின் உடலைப் பணக்காரன்போல் காட்ட யாரோ மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று விம்சி பிடித்துவிடுகிறார். இதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. பார்த்ததை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால் போதும்.

விளையாட்டு வினையாகும் இடம்

இத்தனையும் ஜாலியாகப் போகும்போதுதான் சேயர்ஸ் ஒரு கேள்வியை வைக்கிறார். கொலைகாரன் யார் என்று கண்டுபிடித்தால் அடுத்து என்ன? அன்றைய இங்கிலாந்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. பொழுதுபோக்காகத் தொடங்கிய ஒன்று ஒரு மனிதனின் கழுத்தில் போய் முடியும். விம்சிக்கு இது உறுத்துகிறது. "பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே" என்று நாமே கேட்கத் தோன்றும். ஆனால், விட்டால் அப்பாவி திப்ஸின் கதி? உண்மையைத் தேடுவது விளையாட்டு இல்லை என்று நண்பர் பார்க்கர் அவரிடம் முகத்துக்கு நேராகவே சொல்கிறார்.

விடை பிடிபடும் இரவில் விம்சி துள்ளிக் குதிப்பதில்லை, நடுங்குகிறார். முதல் உலகப் போர் அவர் மனதில் விட்டுப்போன காயம் திறந்துகொள்கிறது. மீண்டும் பதுங்குகுழியில் இருப்பதாக நினைக்கிறார். போரில் அவருக்குக் கீழே பணியாற்றிய பன்ட்டர்தான் இப்போது வேலைக்காரர். அவர்தான் ஆறுதல் சொல்லித் தூங்க வைக்கிறார். அந்த ஓயாத பேச்சும் கிண்டலும் எதை மூடி மறைத்தன என்பது அப்போது நமக்குப் புரியும்.

துப்பறியும் கதைகள் பெரும்பாலும் குற்றவாளி சிக்கியதும் முடிந்துவிடும். சேயர்ஸ் அதற்குப் பிறகும் யோசித்தவர். விம்சியின் கடைசி முழு நாவலான 'பஸ்மேன்ஸ் ஹனிமூன்' 1937-ல் வந்தது. தான் பிடித்துக்கொடுத்தவன் தூக்கிலிடப்படும் நேரத்தில், மனைவியின் மடியில் விம்சி உடைந்து அழுவதோடு அது முடிகிறது. முதல் நாவலின் உறுத்தல் அதுவரை தீரவேயில்லை.

படிக்கும் முன்...

விம்சியின் அந்தக் காலத்து மேட்டுக்குடி ஆங்கிலம் முதலில் கொஞ்சம் படுத்தும். இரண்டு அத்தியாயம் பொறுத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும். யூதரான லெவியைப் பற்றிச் சில பாத்திரங்கள் பேசுவது இன்று முகம்சுளிக்க வைக்கும். அன்றைய சமூகம் அப்படி இருந்தது. சேயர்ஸ் 1957-ல் மறைந்தார். 60 ஆண்டுகள் கடந்துவிட்டதால் இந்தியாவில் இதற்குக் காப்புரிமை இல்லை. புராஜெக்ட் குட்டன்பர்க்கில் இலவசமாகவே கிடைக்கிறது.

கொலைகாரன் யார் என்பதை மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். விம்சியின் அந்த இரவை நீங்களே வாசித்துத்தான் அடைய வேண்டும்.