எண்ணிக்கை மாதிரிகளில் குணகத்தை நிலைநிறுத்தல்: சங்கப் பாடல்களின் நீளம் குறித்து ஒரு குறிப்பு

குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் 4 முதல் 8 அடி வரை அமைந்தவை; அகநானூற்றுப் பாடல்களோ 13 முதல் 31 அடி வரை நீள்பவை. ‘கொல்’ என்னும் ஐயப்பொருள் இடைச்சொல் எத்தொகையில் மிகுதி என வினவுவோர் வெறும் எண்ணிக்கையை ஒப்பிடின், பாடலின் நீளமே விடையாகிவிடும்.

பாய்சான் தொடர்புப்போக்கு மாதிரியில், எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையின் மடக்கை பல உறுப்புகளின் கூட்டலாக எழுதப்படுகிறது. அக்கூட்டலில் பாடலின் மொத்தச் சொல்லளவின் மடக்கையை, குணகம் 1 என முன்கூட்டியே நிலைநிறுத்திச் சேர்ப்பதே ‘ஆஃப்செட்’. அதன்பின் ஏனைய குணகங்கள் எண்ணிக்கையைப் பற்றியன்றிச் சொல்வீதத்தைப் பற்றியே பேசுகின்றன. 0.7 என நிலைநிறுத்த வேண்டின், மடக்கையை 0.7ஆல் பெருக்கி இடுதல் போதும்.

அந்த 1 ஒரு கருதுகோளே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம், நானும் மறந்ததுண்டு. நீளம் இருமடங்கானால் ‘கொல்’லின் வரவும் இருமடங்காகும் எனக் கொள்வது தகும். எண்ணப்படுபவை வெவ்வேறு சொற்களாயின் அது பொருந்தாது. பனுவல் நீள நீளப் புதுச்சொற்களின் வரவு குறையும். அங்கும் 1 என நிலைநிறுத்தினால், நெடும்பாட்டுப் பாடிய புலவர் சொல்வளம் குன்றியவராகத் தோன்றுவர்.

ஐயமெழுமிடத்து, ஆஃப்செட்டை நீக்காமலே அதே மடக்கையை மாறியாகவும் சேர்க்கலாம். அம்மாறியின் குணகம் 1இலிருந்து விலகும் அளவையே காட்டுமாதலின், அதனைச் சுழியோடு ஒப்பிட்டறிதல் எளிது.